அக்டோபர் ரேங்கிங்க நம்பி மார்ச்ல பிராக்கெட் போடலாமா?

கேள்வி: அண்ணா, நான் டல்லாஸ்ல ஐடில இருக்கேன். ஆபீஸ்ல வருஷா வருஷம் காலேஜ் பேஸ்கட்பால் பிராக்கெட் பூல் நடக்கும், அதாவது மார்ச் டோர்னமென்ட்ல எந்த மேட்ச யார் ஜெயிப்பாங்கன்னு அட்டவணைல முன்கூட்டியே எழுதிக் குடுக்கற போட்டி, ஆளுக்கு 20 டாலர். எனக்கு இந்த கேம் பெருசா தெரியாது. சீசன் ஆரம்பிக்கும்போது நம்பர் 1னு போட்டிருந்தாங்களேன்னு 2025ல கான்சாஸ சாம்பியனா போட்டேன், முதல் ரவுண்ட்லயே அவுட். இப்ப டெலிகிராம்ல ஒருத்தர் ப்ரீசீசன் லிஸ்ட வச்சு ஷ்யூர் பிக் தரேன், 150 டாலர்ங்கறார். வாங்கலாமா?

பதில்: முதல்ல அந்த 150 டாலர அனுப்பாதீங்க தம்பி. மீதிய அப்புறம் பேசுவோம்.

நீங்க பாத்த லிஸ்ட் சீசனுக்கு முன்னாடி அக்டோபர்ல ஏபி நியூஸ் ஏஜென்சி போடறது. நாடு முழுக்க அறுபது சொச்சம் ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டருங்க ஆளுக்கு 25 டீம வரிசையா எழுதிக் குடுப்பாங்க, முதல் இடத்துக்கு 25 பாயின்ட், அடுத்ததுக்கு 24, அப்படியே இறங்கி கடைசிக்கு 1, மொத்தத்தையும் கூட்டினா லிஸ்ட் ரெடி. அந்த நேரத்துல ஒரு மேட்ச் கூட நடந்திருக்காது. அதனால நம்பர் 1னா நிறைய பேர் இவங்கள மேல வச்சாங்கன்னு அர்த்தம், அவ்ளோதான். இவங்கதான் ஜெயிக்கப் போறாங்கன்னு யாரும் எழுதிக் குடுக்கல.

அப்படி நம்பர் 1ஆ ஆரம்பிச்சு கடைசியா கப் தூக்கினது 2009ல நார்த் கரோலினா. அதுக்கப்புறம் 2025 வரைக்கும் ஒரு டீம் கூட இல்ல. கெண்டக்கி 2015ல 38 மேட்ச் தோக்காம வந்து செமில விஸ்கான்சின்கிட்ட விழுந்துச்சு, கொன்சாகா 2021ல ஃபைனல் வரை தோல்வியே இல்லாம வந்து பேய்லர்கிட்ட 86-70னு அடி வாங்குச்சு. இதெல்லாமாவது பரவால்ல, கிட்ட வந்து போனது.

2022-23 நார்த் கரோலினா கதையத்தான் நீங்க முக்கியமா தெரிஞ்சுக்கணும். சீட்னா டோர்னமென்டுக்கு டீம் எடுக்கற கமிட்டி தரம் பாத்து குடுக்கற நம்பர், நாலு பிரிவுலயும் 1ல இருந்து 16 வரைக்கும், 1தான் ஒசத்தி. அதுக்கு முந்தின மார்ச்ல நார்த் கரோலினா 8ஆவது சீட், அதாவது சுமாரான டீம்னு கமிட்டியே முடிவு பண்ணி வச்ச டீம். மூணு வாரம் பிரமாதமா ஆடி, செமில டியூக்க வீட்டுக்கு அனுப்பி, ஃபைனல்ல கான்சாஸ்கிட்ட 72-69னு தோத்தாங்க. அதுல ஆடின முக்கியமான ஆளுங்கள்ல நாலு பேர் திரும்பி வராங்கன்ன உடனே ரிப்போர்ட்டருங்க எல்லாம் நம்பர் 1னு எழுதிட்டாங்க. நாலு மாச சீசன்ல ஆடினது எல்லாம் மறந்து போச்சு, மூணு வாரம் மட்டும் கண்ணுல நின்னுச்சு. நவம்பர் கடைசில அயோவா ஸ்டேட்கிட்ட தோல்வி, அடுத்து அலபாமாகிட்ட நாலு ஓவர்டைம் போய் 103-101னு தோல்வி, அதோட சேத்து தொடர்ந்து நாலு தோல்வி, ரெண்டே வாரத்துல 25க்குள்ளயே பேர் இல்ல. மார்ச்ல டோர்னமென்டுக்கே எடுக்கல. 64 டீமா மாத்தின 1985ல இருந்து ப்ரீசீசன் நம்பர் 1க்கு அந்த கதி வந்தது அப்பதான் முதல் தடவை. ஓட்டுப் போட்டவங்க யாராவது வெக்கப்பட்டாங்களான்னா, அடுத்த அக்டோபர்ல அதே ஜோர்ல திரும்ப லிஸ்ட் போட்டாங்க!

அப்ப லிஸ்ட் குப்பையா? இல்ல, இங்கதான் நிறைய பேர் கோட்ட விடறாங்க. 2012ல இருந்து 2025 வரைக்கும் கோவிட்ல ரத்தான 2020 போக 13 டோர்னமென்ட், அதுல 9 தடவை ஜெயிச்ச டீம் அக்டோபர்ல முதல் ஆறு இடத்துக்குள்ள இருந்துச்சு. 350க்கு மேல டீம் ஆடற இடத்துல இது சின்ன விஷயம் இல்ல. கூட்டமா பாத்தா லிஸ்ட் நல்ல லிஸ்ட், தனியா ஒரு டீம பிடிச்சு தொங்கினா கவுத்துரும்.

நீங்க செய்ய வேண்டியது சிம்பிள். மார்ச்ல பிராக்கெட் வந்த உடனே அக்டோபர் லிஸ்ட்ட பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் மேல இருக்கற டீம நம்பலாம். இப்ப 1ஆவது சீட், ஆனா அக்டோபர்ல பேரே இல்லன்னா அத சாம்பியனா போட ரெண்டு தடவை யோசிங்க. விர்ஜினியா 2018ல அப்படித்தான், 25க்குள்ள இல்லாம ஆரம்பிச்சு மொத்தத்துலயும் முதல் சீட்டா வந்து 16ஆவது சீட் யூஎம்பிசிங்கற காலேஜ்கிட்ட 74-54னு தோத்துச்சு. பர்டூவும் 2023ல 25க்குள்ள இல்லாம ஆரம்பிச்சு 1ஆவது சீட்டா வந்து 16ஆவது சீட் ஃபேர்லி டிக்கின்சன்கிட்ட 63-58னு தோத்துச்சு. 16ஆவது சீட்கிட்ட தோத்த 1ஆவது சீட் டீம் ஆம்பளைங்க டோர்னமென்ட் வரலாத்துலயே 2025 வரைக்கும் இந்த ரெண்டுதான். மார்ச் லிஸ்ட் இருக்கும்போது அக்டோபர் லிஸ்ட் எதுக்குன்னா, அக்டோபர் ஓட்டுல ஆளுங்களோட திறமைய பத்தின கணிப்பாவது இருக்கும், சீசன் நடுவுல வர வாராந்திர லிஸ்ட் போன வாரத்தோடதையே எடுத்து ஜெயிச்சவன மேல தள்ளி தோத்தவன கீழ தள்ளறதுதான்.

விதிவிலக்கு கேட்டா யூகான், அதாவது கனெக்டிகட் யுனிவர்சிட்டி டீம். 2023ல அக்டோபர் லிஸ்ட்ல இல்ல, ஆனா கப் அவங்களுக்கு. டிசம்பர்ல லிஸ்ட்ல ரெண்டாவது இடம் வரை போய், ஜனவரில வரிசையா தோத்து, எல்லாரும் கை கழுவின நேரத்துல 4ஆவது சீட்டா உள்ள வந்து ஆறு மேட்சையும் பத்து பாயின்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. அத எதுல பிடிச்சிருக்கலாம்னா, ஜெயிச்சியா தோத்தியான்னு மட்டும் பாக்காம எதிராளி யாரு, எத்தன பாயின்ட் வித்தியாசம்னு கணக்கு போடற கென்பாம் மாதிரி ரேட்டிங்ல டோர்னமென்டுக்கு முன்னாடியே அவங்க மேலதான் இருந்தாங்க. அதனால அக்டோபர்ல இல்லாத டீம் ஒன்னு உங்கள இழுத்துச்சுன்னா அங்க போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, ஓசிலயே பாக்கலாம். இன்னொன்னு, 2021ல இருந்து பசங்க காலேஜ் மாறின உடனே ஆடலாம்னு ரூல் வந்துருச்சு, பாதி டீம் புது ஆளுங்க, ஓட்டுப் போடறவங்களுக்கே யாரு எங்க இருக்காங்கன்னு தலை சுத்துது.

இப்ப டெலிகிராம் ஆசாமி. இவங்க தொழில் எப்படின்னா, ஆயிரம் பேர்ல பாதி பேருக்கு ஒரு டீம், மீதி பேருக்கு எதிர் டீம் அனுப்புவாங்க. தப்பா போனவங்கள விட்டுட்டு சரியா வந்தவங்கள மறுபடி ரெண்டா பிரிப்பாங்க. நாலு சுத்து முடிஞ்சா அறுபது சொச்சம் பேருக்கு இவர் தெய்வம், அவங்க ஸ்க்ரீன்ஷாட்தான் உங்களுக்கு வருது. அதுல சில பேர் குடுக்கற லிங்க்ல போய் பெட்டிங் அக்கவுன்ட் திறந்தீங்கன்னா கம்பெனிகிட்ட கமிஷன், சில டீல்ல நீங்க தோக்கற பணத்துல பங்கு. நீங்க தோத்தா சம்பாதிக்கறவர் எதுக்கு உங்கள ஜெயிக்க வைக்கப் போறார்? சீசனுக்கு முன்னாடியே சாம்பியன் மேல பெட் கட்டச் சொன்னா அதுவும் வேணாம், எல்லா டீமோட ரேட்டையும் சதவீதமா மாத்திக் கூட்டிப் பாருங்க, நூற தாண்டி எங்கயோ நிக்கும், தாண்டினது பூரா கம்பெனி லாபம், உங்க பணமும் ஏப்ரல் வரைக்கும் அங்க தூங்கும்.

ஆபீஸ் பூலுக்கு வருவோம். பெரும்பாலும் ரவுண்டுக்கு ரவுண்ட் பாயின்ட் டபுள் ஆகும், ஈஎஸ்பிஎன் கணக்குல முதல் ரவுண்ட் மேட்சுக்கு 10, சாம்பியனுக்கு 320. அதனால முதல் ரவுண்ட்ல எந்த 12ஆவது சீட் கவுக்கும்னு ராத்திரி முழிச்சு ஆராய்ச்சி பண்ணாதீங்க, சாம்பியனையும் ஃபைனல் ஃபோரையும், அதாவது செமிக்கு வர நாலு டீமையும், மட்டும் மேல சொன்ன மாதிரி பாத்துப் போடுங்க. பூல்ல பத்து பதினஞ்சு பேர்தான்னா எல்லாரும் எடுக்கற டீமையே எடுக்கலாம். நூறு பேருக்கு மேலன்னா அக்டோபர்ல ஆறுக்குள்ள இருந்து மார்ச்ல 2, 3ஆவது சீட்டா வந்திருக்கற ஒன்ன எடுங்க, மத்தவங்க அதிகம் தொட்டிருக்க மாட்டாங்க.