இளைக்கவா, இழைக்கவா?

கேள்வி: என் உயரம் 170 செ.மீ. எடை 66 கிலோ இருந்தது. டாக்டர் ‘எடை சரியாகத்தான் இருக்கிறது’ என்றார். ஆனால் இடுப்புச் சுற்றளவு 87 செ.மீ.; சட்டையை உள்ளே விட்டால் வயிறு தெரிகிறது. 5 கிலோ இழைக்க வேண்டும் என்று மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் ஓடுகிறேன். முதல் வாரமே 64-க்கு வந்தது. அப்புறம் முள் நகரவே இல்லை. வீட்டில் ‘உனக்கெதுக்கு இதெல்லாம்?’ என்கிறார்கள். நான் செய்வது சரியா? எத்தனை நாளில் குறையும்?
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: ‘இளைக்க’ என்று எழுத நினைத்து ‘இழைக்க’ என்று ழகரம் போட்டுவிட்டீர்கள். ள, ழ விஷயத்தில் இந்தப் பக்கம் யாரையும் சும்மா விட்டதில்லை. உங்கள் கடிதத்தையும் சிவப்பு மையோடுதான் எடுத்தேன். படித்து முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உங்களுக்கு வேண்டியது அந்த ழகரம்தான்.

இளைத்தல் என்றால் மெலிதல். களைத்துப்போவதும் அதே சொல்தான், மூச்சு வாங்குவதும் அதே சொல்தான். ‘அவனுக்கு நான் இளைத்தவனா?’ என்று சண்டைக்கு நிற்கிறோம். ஓய்வெடுப்பதை இளைப்பாறுதல் என்கிறோம். மெலிவதையும் வலுவிழப்பதையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இழைத்தல் வேறு. அது தச்சர் பலகையில் செய்கிற வேலை. இழைப்புளியின் அலகு மயிரிழை அளவுதான் வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு தள்ளு தள்ளினால் ஒரு சுருள் வரும், காகிதம்போல. மேடு மட்டும் போகும். பலகையின் பலம் அப்படியே நிற்கும். சீக்கிரம் முடியட்டும் என்று அலகை வெளியே நீட்டிவிட்டு அழுத்தினால், நார் பிய்ந்து பலகை சொரசொரத்துப்போகும்.

மூன்று வாரமாக நீங்கள் அலகை நீட்டிவிட்டு அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். 64 கிலோ ஆள் 8 கி.மீ. ஓடினால் 500 சொச்சம். விட்ட சாப்பாடு இன்னொரு 500 என்று வையுங்கள். தினம் 1000 கலோரி துண்டு விழுகிறது. கொழுப்பு நிறையச் சேர்த்து வைத்திருப்பவர் உடம்பு அதைக் கொஞ்ச நாள் தாங்கும். உங்களிடம் கையிருப்பு குறைவு. ஆள் எவ்வளவு ஒல்லியோ, குறைகிற ஒவ்வொரு கிலோவிலும் தசையின் பங்கு அவ்வளவு அதிகம். குண்டானவருக்குச் சொல்கிற வைத்தியத்தை அப்படியே ஒல்லியானவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

முதல் வாரம் போன 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் அரைக் கிலோ மாவுச்சத்து இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்து ஓடினால் முதலில் கரைவது இந்த ஜோடி. அப்புறம் முள் ஏன் நின்றது? பழக்கமில்லாத ஓட்டத்தில் அடிபட்ட தசை நீர் கோத்துக்கொள்ளும். கொழுப்பு குறைந்தாலும் தராசில் தெரியாது. இன்னொன்று, பட்டினி கிடக்கும் உடம்பு நமக்குத் தெரியாமலே சிக்கனம் பிடிக்கும். கால் ஆட்டுவது நிற்கும், மாடிப்படி லிஃப்டாக மாறும், மதியச் சாப்பாட்டில் ஒரு கை கூடும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 36 இளைஞர்களை வைத்துச் சோதனையைத் தொடங்கினார். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு, கூடவே வாரம் 35 கி.மீ. நடை. எடையில் கால் பங்கு போயிற்று. கோடையிலும் குளிர்ந்தது அவர்களுக்கு. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு; சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படித்தார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது, தசை பின்தங்கித்தான் வந்தது. உங்கள் மூன்று வாரம் அவ்வளவு கடுமையானதில்லை. ஆனால் பாதை அதுதான்.

அதே கீஸ்தான் 1972-இல் ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்ற பெயரை வைத்தார். சூத்திரம் 1830-களில் பெல்ஜியத்து அடால்ஃப் கெட்லே போட்டது. கெட்லே மருத்துவர் அல்ல; வானியலும் புள்ளியியலும் அவர் துறை. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 66 கிலோவில் உங்களுக்கு 22.8 வருகிறது. 18.5-க்கும் 25-க்கும் நடுவே இருப்பதால் டாக்டர் சரி என்றார், தப்பில்லை. ஆனால் அந்த எண்ணுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துச் சொல்வதாக மார்தட்டுகிற, வெறுங்காலோடு ஏறி நிற்கும் எடை மெஷின்கள்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. காலில் சிறு மின்சாரத்தை ஓடவிட்டு, உடம்பில் உள்ள நீரை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிற கருவி அது. தண்ணீர் குடித்தாலும், வியர்த்தாலும், கழிப்பறை போய் வந்தாலும் சதவீதம் மாறும். அந்த எண்ணைப் பார்த்து ராத்திரி பட்டினி கிடக்காதீர்கள்.

உங்களுக்கு ஏற்ற கருவி தையல் டேப். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல். உங்களுக்கு அது 85. நீங்கள் 87. ‘உனக்கெதுக்கு?’ என்கிற வீட்டாருக்குப் பதில் அந்த 2 செ.மீ.தான். ஆசை நியாயமானது, இலக்குதான் தப்பு. 5 கிலோ என்பதை இன்றோடு மறந்துவிடுங்கள்.

அளக்கும்போது பேன்ட் நிற்கும் இடத்தில் டேப்பை வைக்காதீர்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நட்ட நடுவில், துணி இல்லாமல், தரைக்குச் சமமாக டேப் சுற்ற வேண்டும். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் படியுங்கள். தோலில் டேப் பதியக் கூடாது. இரண்டு தடவை எடுத்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

இனி ராத்திரிச் சாப்பாடு திரும்ப வரட்டும். துண்டு 250 கலோரிக்கு மேல் வேண்டாம். இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெயிலேயே 240 கலோரி இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7700 கலோரி. கணக்குப்படி ஒரு மாதம் ஆகும். மெதுவாகத் தோன்றும், இழைப்பு அப்படித்தான். புரதத்தை எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு 100 கிராம் சொச்சம், வேளைக்கு 25 என்று நான்காகப் பிரித்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

ஓட்டத்தை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, மூன்று நாள் எடை தூக்குங்கள். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது என்ற நான்கு அசைவு போதும். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. ‘இன்னும் இரண்டு தடவை முடியும்’ என்கிற இடத்தில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 எட்டினால் அடுத்த முறை 2.5 கிலோ ஏற்றுங்கள். ஏற்றாமல் மாதக்கணக்கில் அதே எடையைத் தூக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உடம்பு பழகிவிடும், இழை பருக்காது. ஆமாம், தசையில் இருப்பதற்கும் இழை என்றுதான் பெயர், அதே ழகரம். வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை வலுக்கும், மேலே உள்ள கொழுப்பு கரையாது. எந்த இடத்தில் முதலில் கரைப்பது என்று உடம்பு நம்மைக் கேட்பதில்லை.

ஜிம்மில் ‘வலிதான் வழி’ என்பார்கள். லகரத்தையும் ழகரத்தையும் குழப்பாதீர்கள். அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் தசை முழுக்கப் பரவி வலித்தால் சரி, நடந்தால் தணியும். மூட்டில் ஓரிடத்தில் குத்தினால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். வளியும் முக்கியம். தள்ளும்போது மூச்சை விடுங்கள், அடக்கி வைக்காதீர்கள்.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று. சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டியபின் மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, ‘உடம்பு பழகிக்கொள்கிறது’ என்று விடாதீர்கள். எலும்பு தேய்வதற்கு அது முன்னறிவிப்பு. உடனே டாக்டரிடம் போங்கள். ஆணோ பெண்ணோ, எந்நேரமும் குளிர்வது, தூக்கம் கெடுவது, நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைப்பது இவையெல்லாம் அலகு ஆழமாக இறங்கிவிட்டதன் அடையாளம். அலகை உள்ளே இழுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். 12 வாரம் கொடுங்கள். முள் 63-இல் நிற்கலாம், 64-லேயே இருக்கலாம், கவலைப்படாதீர்கள். டேப் எவ்வளவு காட்டுகிறது, எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். ழகரத்தை மாற்ற வேண்டாம்.