பயிருக்குள் மறைந்த வழி, கடலுக்குள் போன வழி

இங்கிலாந்தின் சஃபோக் கவுண்டியில், இப்ஸ்விச்சில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடலோர கிராமங்கள் பக்கம் நடக்கப் போனோம். வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடாக இருந்த பொது நடைவழி ஒரு வயலின் நடுவே போகிறது. ஆனால் அங்கே தோளுயரத்துக்கு மஞ்சள் பூத்த பயிர்தான் நின்றது, தடமே இல்லை. மிதித்துப் போக மனம் வரவில்லை, திரும்பிவிட்டோம். இன்னோரிடத்தில் கரைமேட்டு விளிம்போடு போன வழி திடீரென்று அந்தரத்தில் முடிந்துவிட்டது. பக்கத்து வயலுக்குள் இறங்க முடியாதபடி கம்பி வேலி. வரைபடத்தில் இருக்கிற வழி எங்கே போனது? யாரிடம் கேட்பது? கைக்குழந்தையின் தள்ளுவண்டியோடு இந்த வழிகளில் போக உரிமை உண்டா?"

முதல் இரண்டும் ஒரே மாதிரியான கேள்விகளாகத் தெரியும். விடைகளோ நேர் எதிரானவை. வயலில் தடம் அழிந்துவிட்டது, உங்கள் உரிமை அப்படியே இருக்கிறது. கரைமேட்டில் உரிமையே மண்ணோடு சரிந்து போயிருக்கலாம். ஒரு பாரிஷில் (கவுண்டிக்குள் உள்ள மிகச் சிறிய உள்ளாட்சிப் பகுதி) நடைவழிகளைப் பார்வையிட்டுக் குறிப்பெழுதும் வேலையை நான் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் குழம்புவதால் வருபவைதான்.

வயலை முதலில் பார்ப்போம். நீங்கள் கண்டது கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் பயிர். விதைத்த நிலத்தை மிதிப்பது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த ஒற்றைக் கோடு ஒரு நெடுஞ்சாலைக்குச் சமம். 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம் லண்டன் சாலைக்கும் இந்த வயல்வழிக்கும் பொது. வயலின் குறுக்கே போகும் நடைவழியை உழாமல் தவிர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால் விவசாயி உழலாம். ஆனால் விதைப்புக்காக முதலில் கிளறிய 14 நாட்களுக்குள் அதைச் சமன்செய்து, வழி தெரியும்படி செய்துவிட வேண்டும். அதே பயிருக்காகப் பிறகு மீண்டும் கிளறினால் 24 மணி நேரம்தான். ஆவணத்தில் அகலம் குறிப்பிடப்படாத இடங்களில் குறைந்தது 1 மீட்டர் அகலம் பயிரில்லாமல் இருக்க வேண்டும். வயலோரமாகப் போகும் நடைவழியை உழவே கூடாது, அங்கே 1.5 மீட்டர் விட வேண்டும்.

ஆகவே அடுத்த முறை அந்தக் கோட்டின் மேலேயே, ஒருவர் பின் ஒருவராக நடந்து போங்கள். அது அத்துமீறல் ஆகாது. ஓரமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சுற்றினால், வழியே இல்லாத இடத்தில் நல்ல பயிரை மிதிப்பதும் நடக்கும், உண்மையான வழி தெரியாமலே போவதும் நடக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ரேப் பயிர் காய் பிடித்த பிறகு தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மழை விட்ட காலையில் நுழைந்தால் இடுப்புவரை நனைந்துபோகும். குழந்தைகளோடு அதற்குள் போராட வேண்டாம். திரும்பி வந்து புகார் கொடுங்கள்.

புகார் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "கடலோரமாக ஒரு பாதை அடைபட்டிருக்கிறது" என்று எழுதினால் அது எந்த வழி என்று கண்டுபிடிக்கவே அலுவலருக்கு ஒரு நாள் போய்விடும். நடைவழிகளின் சட்டபூர்வமான வரைபடம் கவுண்டி கவுன்சிலிடம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய பதிவு அது. அதில் ஒவ்வொரு வழிக்கும் பாரிஷ் பெயரும் எண்ணும் உண்டு. கடையில் வாங்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசின் நிலவரைபட நிறுவனம்) வரைபடம் அதைப் பார்த்து வரைந்த நகல். பாரிஷ் பெயர், வழி எண், இடத்தைக் காட்டும் வரைபடக் கட்டத்தின் குறியீடு, தேதி ஆகியவற்றோடு படங்களும் வேண்டும். நான் 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டி வைத்திருக்கிறேன். வழிகாட்டிக் கம்பத்தின் மஞ்சள் அம்பு ஒரு பக்கமும், பயிருக்கு முன்னால் படுக்கையாக வைத்த கழி மறுபக்கமும் தெரியும்படி படமெடுத்துவிட்டால் விவாதத்துக்கு இடமே இருக்காது. விவசாயி அசையாவிட்டால் கவுன்சில் அறிவிப்புக் கொடுத்து, தானே பயிரை வெட்டி வழியைத் திறந்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம்.

இனி கரைமேடு. சஃபோக் கடற்கரை பாறையால் ஆனதன்று. பெரும்பகுதி மணலும் களிமண்ணும்தான். இடைக்காலத்தில் பெரிய துறைமுகமாக இருந்த டன்விச், 1286ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு சிறிது சிறிதாகக் கடல்கொண்ட ஊராகிவிட்டது. கோவ்ஹைத் கிராமத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இடிந்து நிற்கும் பெரிய தேவாலயத்தின் சுவர்களுக்குள்ளேயே 1672இல் கட்டிய சிறிய கூரைவேய்ந்த தேவாலயம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் சாலை கடலுக்கு மேலே அப்படியே அறுந்து நிற்கிறது. அங்கே கரை ஆண்டுக்கு சராசரியாக 4 மீட்டருக்கும் மேலாகப் பின்வாங்குகிறது.

சாதாரண நடைவழி குறிப்பிட்ட ஒரு நிலத்தின்மேல் உள்ள உரிமை. அந்த நிலம் கடலுக்குள் போனால் உரிமையும் போய்விடும். அது தானாக நகர்ந்து பக்கத்து வயலில் ஏறிக்கொள்ளாது. ஆகவே நீங்கள் பார்த்த கம்பி வேலி சட்டப்படி சரியானதாகவே இருக்கலாம். வரைபடத்தில் மட்டும் கோடு கடலின்மேல் மிதந்துகொண்டிருக்கும். பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்த வழி பொதுவழியாகிவிடும் என்றொரு விதி உண்டே என்று சிலர் கேட்பார்கள். கோவ்ஹைத் போன்ற இடத்தில் 20 ஆண்டு என்றால் 80 மீட்டர் மண். உரிமை முதிர்வதற்குள் நிலமே இருக்காது.

இந்தக் குறையை நேராகத் தொட்ட சட்டம் 2009ஆம் ஆண்டின் கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டம். இங்கிலாந்தின் கரை முழுவதையும் சுற்றிவரும் ஒரே நடைவழியை அமைக்கும் பொறுப்பை அது நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்தது. அரிப்பு உள்ள இடங்களில் கரை பின்வாங்கும்போது வழியும் நிலத்தின் உள்பக்கம் நகர்வதற்கு அதில் ஏற்பாடு செய்ய முடியும். எனக்கு மிகவும் பிடித்த சட்டப்பிரிவு அது, கடலின் குணத்தை அறிந்து எழுதப்பட்டது. எனவே முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் நின்ற இடம் அந்தக் கரைவழியின் திறக்கப்பட்ட பகுதியில் வருகிறதா என்பது. வந்தால், புதிய தடம் எங்கே என்று கவுண்டி கவுன்சிலைக் கேளுங்கள். வராவிட்டால், நில உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்து புதிய நடைவழி உண்டாக்க கவுன்சிலால் முடியும். இதில் பாரிஷ் கவுன்சிலின் குரலுக்கு மதிப்பு உண்டு. கூட்டத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். உரிமையாளர் வெறும் அனுமதியாக ஒரு வழி விட்டாலும் நல்லதுதான், ஆனால் அதை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

எதுவானாலும் விளிம்பை எட்டிப் பார்க்காதீர்கள். காலுக்குக் கீழே மண் குடைந்துபோயிருப்பது மேலிருந்து தெரியாது. புல்லில் விரல் நுழையும் அளவு வெடிப்பு கண்டால் அதற்கு உள்பக்கம் நன்றாக விலகி நடங்கள். யாராவது விழுந்துவிட்டால் 999ஐ அழைத்து கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

தள்ளுவண்டிக்குத் தாராளமாக உரிமை உண்டு. நடப்பவர் வழக்கமாகக் கொண்டுபோகும் பொருளாகவே அது கருதப்படுகிறது. உண்மையான தடை, வேலிகளில் இருக்கும் ஏறிக் கடக்கும் மரப்படிகள். அவற்றைப் பராமரிப்பது நிலக்காரரின் கடமை. அதற்காகும் செலவில் குறைந்தது 25 சதவீதத்தை அவர் கவுன்சிலிடமிருந்து பெறலாம். படி உடைந்திருக்கக் கண்டால் புகாரில் "பழுதுபார்க்கும்போது படிக்குப் பதிலாக இடைவெளியோ கதவோ வைக்க முடியுமா?" என்று ஒரு வரி சேருங்கள். நிலக்காரர் சம்மதித்து அப்படி மாறிய இரண்டு இடங்களை எங்கள் பாரிஷிலேயே காட்ட முடியும். அதுவரை குழந்தையை முதுகில் சுமக்கும் பை ஒன்றை வாங்கிவையுங்கள், ரேப் வயலுக்கும் அதுதான் வசதி.