எண்ணெயின் வயது

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸின் லிவேவே நிறுவனத்தைப் பற்றி அண்மையில் படித்தேன். 1946-இல் மணிலாவில் காபியையும் ஸ்டார்ச் மாவையும் பொட்டலம் போட்டு விற்ற ஒரு குடும்பம், இன்று ‘ஓய்ஷி’ என்ற பெயரில் சீனா, வியட்நாம், மியான்மர் என்று பல நாடுகளில் நொறுக்குத்தீனி ஆலைகள் நடத்துகிறது. எங்கள் குடும்பமும் இதே தொழிலில்தான் இருக்கிறது. அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் சேர்ந்து தொடங்கியது. மசாலாச் சேர்மானம் அப்பாவுக்கு மட்டுமே தெரியும். இன்றும் கதவைச் சாத்திக்கொண்டு அவரே கலக்குகிறார். சின்னச் சித்தப்பா வியட்நாமில் ஆலை போடவேண்டும் என்கிறார், அப்பா சேர்மானத்தைத் தர மறுக்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. குடும்பம் பிரிந்து ஆளுக்கொரு நாடு பார்ப்பது நல்லதா, ஒன்றாக இருந்து வெளியாட்களை மேலாளர்களாக வைப்பது நல்லதா? ஜப்பானியப் பெயர் வைத்ததால்தான் ஓய்ஷி வென்றது என்கிறார்களே, உண்மையா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

பெயரை விடுங்கள். சீனாவில் அதே சரக்கை ‘ஷாங்ஹாவ்ஜியா’ என்ற சீனப் பெயரில் விற்றார்கள், அங்கும் ஓடியது. வெளி மேலாளர்கள் பற்றிய கேள்விக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் என்னிடம் இல்லை. ஆனால் சேர்மானம் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. குடும்பத் தொழில்கள் எதைக் கட்டிக்காக்கின்றன, எதைக் கோட்டை விடுகின்றன என்பதைக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு கலக்குவதில் ஒன்றும் இல்லை. கோபப்படாமல் கேளுங்கள். இறால் சுவை நொறுக்கு ஜப்பானில் கால்பி நிறுவனத்தின் சரக்காக 1964-இல் வந்தது. கொரியாவில் நோங்ஷிம் நிறுவனம் 1971-இல் தன்னுடையதைக் கொண்டுவந்தது. லிவேவே 1974-இல் ஓய்ஷியை இறக்கியது. பத்து வருடத்துக்குள் மூன்று நாடுகளில் ஒரே மாதிரிப் பண்டம். மூன்றும் இன்றுவரை விற்கின்றன. ரகசியம் எங்கே இருந்தது? தைவானின் வான்ட் வான்ட் நிறுவனம், அரிசி நொறுக்கு செய்யும் வித்தையை 1983-இல் ஜப்பானின் இவாட்சுகா நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டே கற்றுக்கொண்டது. கற்றவர் சீனா முழுக்கப் பரவினார், கற்றுக்கொடுத்தவர் இன்றும் உள்நாட்டில் நடுத்தர நிறுவனம்தான். சேர்மானம்தான் எல்லாம் என்றால் இது நடந்திருக்காது. உங்கள் மசாலாவை ஒரு நல்ல சுவை ஆய்வுக்கூடம் சில வாரத்தில் பிரித்துச் சொல்லிவிடும். பாதியை உங்கள் பாக்கெட்டின் பின்பக்கமே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவும் சரியான இடத்தில் இல்லை. ஆலை போடவேண்டும் என்பதில் அவர் சொல்வது சரி, காரணம் எளிய கணக்கு. பொரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிய உப்பலான சரக்கு ஒரு கன மீட்டருக்கு 50, 60 கிலோதான் தேறும். உயரமான 40 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 76 கன மீட்டர். அதில் 26 டன் வரை ஏற்றலாம், ஆனால் உங்கள் சரக்கில் 4 டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினாலே கதவு மூடாது. மிச்ச வாடகை முழுக்கக் காற்றுக்கு. அதனால்தான் இந்தத் தொழிலில் எல்லை தாண்டியவர்கள் பெரும்பாலும் அங்கங்கே ஆலை போட்டார்கள். லிவேவே ஷாங்காய்க்கு 1993-இலும் வியட்நாமுக்கு 1997-இலும் போனது அப்படித்தான். ஆனால் சித்தப்பா எந்த அளவு ஆலை என்று ஒரு வார்த்தை சொன்னாரா? உங்கள் கடிதத்தில் இல்லை. பெரிய வாணலிக்கு விலை கேட்டு வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், எல்லாரும் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

தொடர்ச்சியாகப் பொரிக்கும் எந்திரத்தில் எண்ணெயை யாரும் ‘மாற்றுவது’ இல்லை. சரக்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டு வெளியேறுகிறது, குறைந்த அளவுக்குப் புது எண்ணெய் உள்ளே வருகிறது. வாணலியிலும் குழாயிலும் சேர்த்து 1,000 கிலோ எண்ணெய் இருப்பதாக வையுங்கள். மணிக்கு 500 கிலோ சரக்கு, அதில் கால்பங்கு எண்ணெய் என்றால் மணிக்கு 125 கிலோ எண்ணெய் வெளியே போகிறது. எட்டு மணி நேரத்தில் மொத்த எண்ணெய்க்கு ஈடாகப் புதியது வந்துவிடும். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இந்தச் சுற்று முடிந்தால் எண்ணெய் தன்னைத்தானே இளமையாக வைத்துக்கொள்ளும். அதே எந்திரத்தைப் புது நாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். விற்பனை இன்னும் பிடிக்கவில்லை, மணிக்கு 120 கிலோதான் ஓட்டுகிறீர்கள். இப்போது மணிக்கு 30 கிலோ எண்ணெய்தான் வெளியேறுகிறது, சுற்று முடிய 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் தொடர்ந்து ஓட்டினால்! நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டி அணைத்தால் அதே எண்ணெய் ஒரு வாரம் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறும். ஒவ்வொரு முறையும் காற்றும், பொரிக்கப் போடும் உலர்ந்த மாவு வில்லையிலிருந்து வரும் ஈரமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். அடியில் தங்கும் தூள் கருகி அந்த வேலையை விரைவாக்கும்.

இதில் கொடுமை, ஆலை வாசலில் தின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மசாலா மூடிவிடும். மூன்றாவது நான்காவது வாரத்தில், கடை அலமாரியில், பாக்கெட்டைத் திறக்கிறவன் மூக்கில் அடிக்கும் அந்தப் பழைய எண்ணெய் வாடை. அவன் புகார் எழுதமாட்டான். அடுத்த முறை வேறு பாக்கெட்டை எடுப்பான். மாதம் கழித்து உங்கள் ஆட்கள் கூடி உட்கார்ந்து, “இந்த ஊர்க்காரர்களுக்கு நம் சுவை பிடிக்கவில்லை” என்று முடிவு கட்டுவார்கள். அப்பா உடனே சேர்மானத்தை மாற்றுவார். ஐயா, சுவை அல்ல, எண்ணெய். அதுவும் விற்காததால் கெட்ட எண்ணெய், எண்ணெய் கெட்டதால் விற்காத சரக்கு.

வழி இல்லாமல் இல்லை. 150 கிலோ எண்ணெய் கொள்ளும் சின்ன வாணலியில் மணிக்கு 60 கிலோ பொரியுங்கள்: 15 கிலோ வெளியேறும், பத்து மணி நேரத்தில் சுற்று முடிந்துவிடும். பொரிக்காத வில்லையை உங்கள் பழைய ஆலையிலிருந்தே அனுப்புங்கள், அது கனமான சரக்கு, கன்டெய்னரில் காற்று போகாது. ஆனால் வில்லையின் ஈரம் 10-லிருந்து 12 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். எட்டுக்குக் கீழே போனால் பொரியாமல் பல்லை உடைக்கும், பதினான்கைத் தாண்டினால் கொப்புளம் போட்டு எண்ணெயைக் குடிக்கும். அவசரமாக உலர்த்தினால் மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும். உலர்த்திய பிறகு ஒரு நாள் மூடிய தொட்டியில் கிடந்து ஈரம் சமப்படாவிட்டால், பாதி வில்லை எண்ணெயில் வெடித்துத் தூளாகும். அந்தத் தூள் மறுபடி எண்ணெயைத்தான் கெடுக்கும்.

பொரித்த சரக்கு நன்றாக ஆறாமல் பாக்கெட்டுக்குள் போகக்கூடாது. பொதியும் அறையில் ஈரக்காற்றைக் கட்டுப்படுத்த எந்திரம் வேண்டும், வியட்நாமின் மழைக்காலத்தில் அது இல்லாமல் முடியாது. நைட்ரஜன் நிரப்பி, உள்ளே மிஞ்சும் ஆக்சிஜன் 2, 3 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பாருங்கள். மசாலாத் தூள் ஒட்டிய இடத்தில் வெப்ப ஒட்டு பிடிக்காது, பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். குளிர்நாட்டுக்குப் போனால் பாமாயிலையும் யோசிக்கவேண்டும். ஷாங்காய்க் குளிரில் அது சரக்கின் மேல் உறைந்து, வாயின் மேல்தட்டில் மெழுகு பூசியதுபோல நிற்கும். இதெல்லாம் எந்திரம் விற்பவரே சொல்லித்தருவார்.

அவர் சொல்லித்தராதது எண்ணெயை எப்போது கொட்டுவது என்பதை. குமிழி பொடிப்பொடியாகி மேலே நுரையாக நிற்கத் தொடங்கினால், வழக்கமான சூட்டிலேயே புகை கிளம்பினால், சரக்கு வேகும் முன்பே நிறம் ஏறினால் கொட்டவேண்டும். எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள் அதில் 25 விழுக்காடு வரை இருக்கப் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கிறது. அது அப்போதே சுடச்சுடத் தின்னும் பண்டத்துக்குப் பொருந்தலாம். மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கவேண்டிய சரக்குக்கு அந்த அளவை நம்பினால் தெருவில்தான் நிற்பீர்கள். 150 கிலோவைக் கொட்ட யாருக்கும் கை நடுங்காது. 1,000 கிலோவைக் கொட்டச் சம்பளத்துக்கு வந்த மேலாளருக்கு மனம் வராது. மாத இலக்கு அவர் கழுத்தில் இருக்கிறது. உரிமையாளர் வீட்டு ஆள் ஒருவர் வாணலி பக்கத்தில் நின்றால் கொட்டுவார். குடும்பத் தொழிலுக்கு என்று ஒரு பலம் உண்டென்றால் நான் பார்ப்பது இதை மட்டும்தான். பாசம், நம்பிக்கை எல்லாம் விழா மேடைப் பேச்சு.

பிரிவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். பிரியுங்கள், பிரியாமலிருங்கள், ஆனால் பெயரை ஊர்வாரியாகப் பிரிக்காதீர்கள். ஹல்திராம் குடும்பம் 1974-இல் பாகம் பிரித்தபோது பெயருரிமை மேற்கு வங்கத்தில் ஒரு கிளைக்கு, மற்ற இந்தியா முழுவதும் இன்னொரு கிளைக்கு என்று எழுதினார்கள். பின்னால் கொல்கத்தாக் கிளை டெல்லியில் கடை திறந்தது, வழக்கு 2000-இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பெயரை ஒரே நிறுவனத்தின் கையில் வைத்து, நாட்டுக்கொரு ஆலை நிறுவனம் அதனிடம் உரிமம் வாங்குவதாக எழுதுங்கள். நல்ல வழக்கறிஞருக்கு இது பெரிய வேலையல்ல.

அப்பாவை வற்புறுத்தவேண்டாம். சேர்மானம் அவரிடமே இருக்கட்டும். கலந்த மசாலாவை மூட்டையாகக் கட்டிக் கப்பலேற்றுங்கள், அது கொஞ்ச இடம்தான் பிடிக்கும். இத்தனை வருடம் அந்த அறைதான் அவருடைய மரியாதை, அதை ஏன் பிடுங்கவேண்டும்? சித்தப்பாவிடம் அவர் கேட்டு வைத்திருக்கும் வாணலியின் கொள்ளளவையும், முதல் வருடம் மணிக்கு எத்தனை கிலோ ஓட்டமுடியும் என்று அவர் மனதறிந்து சொல்லும் கணக்கையும் வாங்கி அனுப்புங்கள். வகுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.