ஜூன் 16: உலகத்திலும் சுங்கை சிப்புட்டிலும்

கேள்வி: ஜூன் 16 அன்று அறிவியலிலும் உலக வரலாற்றிலும் நடந்த முக்கிய நிகழ்வுகளைச் சொல்லுங்கள். பள்ளிப் புதிர்ப் போட்டிக்கு வேண்டும். - ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: உலக வரலாறு கேட்கிறீர்கள், டீச்சர். அந்தத் தேதிக்கு நீங்கள் ஊரைவிட்டு வெளியே போகவே வேண்டாமே!

1948 ஜூன் 16 காலை, உங்கள் ஊர்ப் பக்கத்து எல்ஃபில் ரப்பர் தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்த கம்யூனிஸ்ட் போராளிகள் வெள்ளைக்கார மானேஜரை ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இருவர். இரண்டே நாளில் ஆங்கிலேயர் ஆண்ட மலாயா முழுக்க அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை நீங்கவில்லை. துரைமார் பெயர்களைப் புத்தகங்கள் சொல்லும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, போன நம் தோட்டத் தொழிலாளர்களை யார் சொல்வது? வேலிக்குள் இருந்து, வாசலில் சோதனை முடிந்து பால் வெட்டப் போனார்கள். காட்டில் இருந்த அந்தப் போராளிகளுக்குப் போய்விடும் என்று பல இடங்களில் சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப்போக விடவில்லை. வெறும் வயிற்றோடு மங்கு மங்காக (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) ரப்பர் பால் சேர்த்த பாட்டிமார் சிலராவது இருப்பார்கள். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். அந்த அவசரகாலத்தில்தான் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இனியும் எழுதுவேன்.

சரி, அறிவியல். 1963 ஜூன் 16 அன்று சோவியத் விண்கலமான வோஸ்தோக் 6-ல் தன்னந்தனியாகப் புறப்பட்ட வாலண்டினா தெரெஷ்கோவாதான் விண்வெளிக்குப் போன முதல் பெண். பூமியை 48 முறை சுற்றினார். அப்பா டிராக்டர் ஓட்டியவர். இவர் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அப்புறம் நூற்பாலைக்குப் போனவர். பாரசூட்டில் குதிக்கப் பழகியிருந்தது கைகொடுத்தது. திரும்பும்போதும் கலத்திலிருந்து வெளியேறிப் பாரசூட்டில்தான் இறங்கினார். கித்தா (ரப்பர்) பால் டயராகிறது என்று தெரிந்த ஊரின் பெண்பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான கதை எது? 2012-ல் இதே தேதியில் சீனாவின் முதல் விண்வெளி வீராங்கனை லியூ யாங் போனார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1919 ஜூன் 16-ல் உங்கள் ஊரில் பிறந்தவர்தான் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கித் தோட்டம் வாங்க வைத்தவர். போட்டியின் முதல் கேள்வி அவரைப் பற்றி இருக்கட்டும், டீச்சர்.