சுவரில் உரசாமல் ஷெட்டில் கார்

கேள்வி: எங்கள் கார் ஷெட் 15 அடி நீளம்தான். கார் 4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று பம்பர் சுவரில் இடிக்கிறது, இல்லையென்றால் ஸ்லைடிங் கேட்டை மூட முடிவதில்லை. என்ன வழி?

பதில்: மிச்சம் இருப்பது சுமார் 57 செ.மீ. முன்னால் 30, பின்னால் 27 என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லி, ஒரே ஒரு தடவை காரைச் சரியாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். அதை நகர்த்தாமலே கூரையிலிருந்து நைலான் கயிற்றில் பழைய டென்னிஸ் பந்து ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, முன்கண்ணாடியை மெல்லத் தொட்டபடி இருக்க வேண்டும். கான்கிரீட் கூரை என்றால் துளை போட்டு, பிளக் அடித்து, கொக்கி மாட்டுங்கள். அடுத்த முறை பந்து தொட்டதும் பிரேக்.

திறந்த போர்டிகோவில் காற்றுக்குப் பந்து ஆடும். அங்கே தரையில் போல்ட் போட்ட ரப்பர் வீல் ஸ்டாப்பர்தான் சரி. வாங்குமுன் பம்பரின் அடிப்பக்க உயரத்தை அளந்துவிடுங்கள். ஸ்டாப்பர் அதைவிட உயரமாக இருந்தால் டயர் தொடுமுன் பம்பர் உரசும். செங்கல் மட்டும் வேண்டாம், நகர்ந்துவிடும்.

இரண்டு கார் என்றால் இரண்டு பந்து, வேறு வேறு நிறத்தில்.