ஓடாவி மகளிடம் கேளுங்கள்: டெக் போட யாரைப் பிடிப்பது?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு மூன்று நிமிட நடை. பின் விறாந்தையோடு சேர்த்து 12 அடிக்கு 10 அடியில் பலகையால் ஒரு டெக், அதாவது திறந்த மரத்தளம், போட ஆசை. கனடாவில் இருக்கும் மச்சாள் காசு அனுப்புவதாகச் சொல்கிறா. மரவேலை செய்யும் இரண்டு பாஸ்மாரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினோம். ஒருவர் மரம், ஆணி, கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்லி, அதில் பாதியை முன்பணமாகக் கேட்கிறார். மற்றவர் நாள் சம்பளத்துக்கு வருவாராம், சாமான் நாங்கள்தான் வாங்க வேண்டுமாம். யாரைப் பிடிப்பது?

பதில்: தங்கச்சி, அந்த இருவரில் யார் குனிந்து பார்த்தார்? விறாந்தை மண்ணிலிருந்து எவ்வளவு உயரம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், சுவர் செங்கல்லா சீமெந்துக் கல்லா என்று யார் கேட்டார்? பலகையின் நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் பேசிவிட்டுப் போனவர் தொகையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டெக்கின் உயிர் அடியில்தான் இருக்கிறது.

நானும் பட்டுத்தான் சொல்கிறேன். அப்பா திருக்கடலூரில் வள்ளம் கட்டிய ஓடாவி, அதாவது தச்சர். அவர் மகளாகிய நானே ஏமாந்தேன். பங்குனியில் ஒரு பாஸுக்கு முக்கால்வாசிக் காசைத் தூக்கிக் கொடுத்தேன். நிலாவெளிப் பக்கம் சுற்றுலா சீசன் தொடங்கியதும் பெரிய வேலை ஒன்று கிடைத்து ஆள் மாயம். புரட்டாதியில் திரும்பி வந்து, மழைக்கு முன் முடித்துவிட வேண்டுமென்று மூன்றே நாளில் பலகைகளை இடைவெளி விடாமல் இறுக்கி, சாதாரணக் கம்பி ஆணியால் அறைந்துவிட்டுப் போனார். கார்த்திகை மழையில் பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்கின. நடுவில் இரண்டு பலகை கூரை முகடு மாதிரி எழும்பி நின்றன. தை மாதம் பார்த்தால் ஒவ்வொரு ஆணித்தலையிலிருந்தும் துரு வழிந்து, தளம் முழுக்க யாரோ வெற்றிலை துப்பியது போல இருந்தது. அப்பா இருந்திருந்தால் பேசியே இருக்க மாட்டார், சுத்தியலின் பின்பக்கத்தால் கழற்றத் தொடங்கியிருப்பார்.

சரி, உங்கள் விஷயம். மொத்தத் தொகை என்றாலும் பரவாயில்லை, ஆனால் அதற்குள் என்ன மரம், எத்தனை கன அடி என்பதை எழுதி வாங்குங்கள். கணக்கு சின்னதுதான். 120 சதுர அடிக்கு ஒரு அங்குலத் தடிப்புப் பலகை என்றால் 10 கன அடி. வெட்டுக்கழிவோடு 11 என்று வையுங்கள். பலகையைத் தாங்கும் அடிச்சட்டம் நடுவுக்கு நடு 16 அங்குலத்தில் வைத்தால் 10 சட்டம் வரும். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 6க்கு 2 அங்குலம் என்றால் எட்டேகால் கன அடிக்குக் கொஞ்சம் மேலே. சட்டங்களைத் தாங்கும் விட்டமும் கால்களும் தனி. இந்தக் கணக்கை நீங்கள் சொன்னவுடன் பாஸின் முகத்தைப் பாருங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவழிதான். மரம் விற்கும் மரக்காலைக்கு நீங்களே போய், பாஸையும் கூட்டிக்கொண்டு, மரக்காசை அங்கேயே கொடுங்கள். கூலியை மட்டும் வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கால்கள் நின்றதும் ஒரு பங்கு, சட்டம் முடிந்ததும் ஒரு பங்கு, பலகை முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பத்திலொன்றை முதல் மழை பெய்த பிறகு தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல வேலைகாரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

மரக்காலையில் வைரம், அதாவது மரத்தின் நடுவிலுள்ள கடினமான பகுதி, பார்த்து எடுங்கள். ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் கறையானுக்குச் சாப்பாடு அதுதான். முதிரையும் பாலையும் நன்றாக நிற்கும். இரண்டும் கல்லு மாதிரி, துளை போடாமல் திருகாணி இறக்கினால் பலகை வெடிக்கும், இல்லாவிட்டால் ஆணித்தலை முறியும். அந்த மரங்களை ஏற்றிவர வனத் திணைக்கள அனுமதிப்பத்திரம் வேண்டும். பற்றுச்சீட்டோடு அதையும் கேட்டு வாங்குங்கள், "இரவில கொண்டுவந்து இறக்கிறன்" என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். சாவண்டலை கிடைத்தால் அதிர்ஷ்டம். சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயரிலேயே 'ட்ரிங்கோமலி வுட்'. மதராஸ் கரையின் மசூலாப் படகுகளுக்கு ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய மரம் அது.

பாஸிடம் நான்கு சொல்லுங்கள். கால்களை மண்ணில் புதைக்காமல், நிலமட்டத்துக்கு மேலே எழும்பிய கொங்கிரீட் கட்டையில் நிறுத்த வேண்டும். சுவரோடு சேரும் சட்டத்தை ஆணியால் அல்ல, போல்ட்டால் பிடிக்க வேண்டும். ஆட்கள் கூடி நிற்கும்போது டெக் கழன்று விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்தச் சட்டத்தின் மேல் தகரம் மடித்துச் சுவருக்குள் செருகினால் தண்ணீர் இறங்காது. காய்ந்த பலகை என்றால் இடைவெளி ஐந்து மில்லிமீற்றர். திருகாணி கடல் காற்றுக்குத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லஸ் ஸ்டீல், விலையைப் பார்த்து மயங்கி விழாதீர்கள்.

இன்னொன்று. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் நீங்கள் கரையோர வலயத்துக்குள். வேலை தொடங்குமுன் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் பிரதேச சபையிலும் கேட்டுவிடுங்கள். சித்திரையில் தொடங்கி ஆவணிக்குள் முடித்தால் வாடை மழைக்கு முன் எண்ணெயும் பூசிவிடலாம்.

கேள்வி: நாங்கள் கொழும்பில், வீடு நிலாவெளியில். டெக் போட்டு ஐந்து வருடம். வீடு பார்க்கும் ஐயா தினமும் கூட்டுகிறார். அது போதுமா?

பதில்: போதாது, தம்பி. கூட்டும்போது குப்பை பலகை இடுக்கில் அடைகிறது, அதுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐயாவிடம் ஒரு பழைய கத்தியைக் கொடுத்து மாதம் ஒருமுறை இடுக்கைக் கீறச் சொல்லுங்கள். ஓடாவியை வருடத்தில் இரண்டு தரம் கூப்பிடுங்கள்: மழை முடிந்து மாசியில், மழைக்கு முன் புரட்டாதியில். இரண்டு தரமும் அவர் அடியில் போய், சட்டத்தின் முனையிலும் போல்ட்டைச் சுற்றியும் ஸ்குரூ ட்ரைவர் நுனியால் குத்திப் பார்க்க வேண்டும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நுனி வெண்ணெயில் போல இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டியதுதான்.

அப்பா வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார், டெக்குக்கு அது வேண்டாம், நாற்றத்தில் விருந்தினர் ஒருவரும் வரமாட்டார்கள். டெக்குக்கென்று விற்கும் எண்ணெயே சரி, பலகை நன்றாகக் காய்ந்த பிறகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிய விடாதீர்கள், சிலவகை எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளிக்குள் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பராமரிப்பே வேண்டாமென்று சொல்லி மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி பலகை விற்கிறார்கள். வாங்கலாமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: எண்ணெய் வேண்டாம் என்பது சரி. ஆனால் வெயிலில் சுடும். கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மதியம் ஒரு மணிக்கு முற்றத்தில் வைத்துச் செருப்பில்லாமல் ஏறி நின்று பாருங்கள். அப்புறம், மரத்தைவிட அது வளையும், அடிச்சட்டத்தை 12 அங்குலத்துக்கு ஒன்று கேட்கும் வகைகளும் உண்டு. பெட்டியில் போட்டிருப்பதை பாஸுக்கு வாசித்துக் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.