பக்கத்து வீட்டுப் பையனும் உங்கள் பையனும்

அம்மா, உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. மீதியெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனின் புராணம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த அவனுக்குக் கேம்பஸிலேயே வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டான். உங்கள் மகனோ மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடமாகியும், எம்.டெக் சேரவும் பொதுத்துறை வேலைக்கும் உதவும் கேட் (GATE) தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருக்கிறான். சோம்பேறியாகிவிட்டானோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்மட் என்றொரு மலைப் பிராணி. அணில் குடும்பம்தான், ஆனால் பூனை அளவுக்குக் கொழுகொழுவென்று இருக்கும், வளை தோண்டி வாழும். நம் லடாக்கிலும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், கோதிக் என்ற இடத்தில், இதில் மஞ்சள் வயிற்று இனத்தை 1962 முதல் விடாமல் கவனித்து வருகிறார்கள். தொடங்கிவைத்தவர் கென்னத் ஆர்மிடேஜ். அங்கே மார்மட்டுக்கு வருடத்தில் ஏழெட்டு மாதம் வளைக்குள் தூக்கம். மீதி நாலைந்து மாதத்தில் தின்று கொழுப்புச் சேர்த்தால்தான் அடுத்த குளிரைத் தாண்ட முடியும்.

உங்கள் கேள்விக்கு வேண்டியது இனிமேல்தான் வருகிறது. குட்டி எப்போது தாயை விட்டுத் தனியே போகிறது? அது இனத்துக்கு இனம் மாறும். கிழக்கு அமெரிக்காவின் தாழ்நிலங்களில் வாழும் உட்சக் என்ற மார்மட், பிறந்த கோடையிலேயே கிளம்பிவிடும். அங்கே கோடை நீளம், தீனிக்குப் பஞ்சமில்லை. கோதிக்கில் ஒரு குளிர்காலத்தைத் தாயோடு கழித்துவிட்டு மறுவருடம்தான் போகும். அப்போதும் ஆண்கள் அநேகமாக எல்லாம் போய்விட, பெண்களில் பாதி பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆல்ப்ஸ் மலை மார்மட்டும் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் மலை மார்மட்டும் இரண்டு வருடமாவது வீட்டோடு இருக்கும். புல் முளைக்கும் காலம் குறைவு, உடம்பு தேற நாளாகிறது, அவ்வளவுதான் விஷயம்.

மெக்கானிக்கல் படித்தவனின் கதையும் ஏறக்குறைய இதுதான். மென்பொருள் நிறுவனங்கள் படிப்பு முடிவதற்கு முன்பே கல்லூரிக்கு வந்து கூட்டமாக ஆள் எடுக்கும். சொந்தத் துறையிலேயே நல்ல வேலை வேண்டும், பொதுத்துறை நிறுவனம் வேண்டும், ஐஐடியில் எம்.டெக் வேண்டும் என்றால் வாசல் வேறு, வரிசையும் நீளம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அதனால் ஒரு வருடம் உட்கார்ந்து படிப்பதில் தப்பில்லை.

ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை! கோதிக்கில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வளைக்குப் பக்கத்தில் கூண்டு வைத்து, உள்ளே குதிரைத் தீவனம் தூவி, உயிரோடு பிடிக்கிறார்கள். துணிப்பைக்குள் விட்டு எடை பார்க்கிறார்கள், முதுகில் சாயத்தால் அடையாளம் போட்டு விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி பிடித்து எடை. ஏறுகிறதா இல்லையா என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். நீங்களும் பார்க்க வேண்டியது அதைத்தான். எத்தனை மணிக்கு எழுந்தான், போனை எத்தனை நேரம் பார்த்தான் என்பதை விடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதட்டும். தேதி, மதிப்பெண், எந்தப் பாடத்தில் விட்டான் என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். தெர்மோடைனமிக்ஸில் தொடர்ந்து அடிவாங்கினால் அதற்கு ஆள் தேடலாம். நாலு தேர்வு எழுதியும் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நின்றால், அப்புறம் வேறு வழி பேச வேண்டியதுதான்.

இன்னொன்று. அதே கோதிக்கில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மற்றவர்களோடு அதிகம் ஒட்டிப் பழகிய பெண் மார்மட்டுகள் சீக்கிரம் செத்துப்போவது தெரியவந்தது. மனிதர்களுக்கு அப்படியே பொருந்தாது, நமக்கு ஒட்டுறவு நல்லதுதான். ஆனாலும் ‘பையன் என்ன பண்றான்?’ என்று வாரா வாரம் கேட்கும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழு நினைவுக்கு வராமல் இல்லை. அதை மியூட்டில் போடுங்கள்.

வேறு வழி என்றேனே, அதையும் இப்போதே பார்த்து வையுங்கள். தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு, மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்திலேயே செய்யலாம். தொழிற்சாலைக்குள் ஒரு வருடம் கழிப்பது எந்த நேர்முகத் தேர்விலும் பேச்சுக்கு உதவும். படிப்பை அது கொஞ்சம் தின்னும் என்பதும் உண்மை, எனவே முடிவை அவன் எடுக்கட்டும்.

அந்த நோட்டில் நாலு தேதி சேர்ந்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள். கடிதம் அவன் கையெழுத்தில் வரட்டும் அம்மா, உங்கள் கையெழுத்தில் வேண்டாம்.